வரைபடம் பட்டறைக்கு வரட்டும்

2024 மே 30 காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ‘அக்னிபான்’ சோதனை ராக்கெட் பாய்ந்தது. அதை உருவாக்கியது, சென்னை ஐஐடி-யின் அரவணைப்பில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம். அந்த ராக்கெட்டின் இன்ஜின் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஒரே துண்டாக அச்சிடப்பட்டது.

ராக்கெட் இன்ஜினின் உள்வெப்பம் அதன் சுவரையே உருக்கிவிடக்கூடியது. அதைத் தணிக்கச் சுவருக்குள் நுண்குழாய்கள் அமைத்து, குளிர்விக்க எரிபொருளையே அவற்றில் ஓடவிடுவார்கள். வளைந்து செல்லும் அந்தக் குழாய்களைத் துளையிட்டு உருவாக்க முடியாது. அதனால் பல பாகங்களைச் செய்து பற்றவைப்பதே வழக்கம். அச்சு இயந்திரத்தின் வழி வேறு. அது உலோகப் பொடியை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கும். அதன்மேல் அடுத்த படலம். குழாய் வரவேண்டிய இடத்தில் பொடி உருகாமல் கிடக்கும். கடைசியில் அதை வெளியேற்றினால் வழி திறந்துவிடும்.

2021-ல் அதே ஐஐடி வளாகத்தில் த்வஸ்தா நிறுவனம் 600 சதுர அடி வீட்டைக் கான்கிரீட்டால் அச்சிட்டது. முறுக்கு பிழிந்தவர்களுக்கு அதிலுள்ள சிக்கல் புரியும். மாவு இறுகினால் அச்சில் இறங்காது; இளகினால் சுற்று நிற்காது. கான்கிரீட்டும் குழாயில் தடையின்றி ஓட வேண்டும், வெளியே வந்ததும் அடுத்த அடுக்கைத் தாங்க வேண்டும். இந்தப் பதம் கணினித் திரையில் கிடைப்பதில்லை. கலந்து, பிழிந்து, சரிந்ததைக் கொட்டிவிட்டு மறுபடியும் கலந்தால்தான் கைவரும்.

புதிய வடிவமைப்புக்கு உயிர் தருவது இயந்திரம் மட்டுமல்ல. தோற்றாலும் மறுநாள் மீண்டும் முயல இடம்தரும் பட்டறையும்தான். மாவட்டத்துப் பொறியியல் மாணவருக்கு அப்படியோர் இடம் எங்கே இருக்கிறது? இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குவது ஊரறிந்த பழக்கமாகிவிட்டது. அதற்கு மாணவரின் சோம்பலை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. செய்துபார்க்க வழியில்லாத இடத்தில் கற்பனை காகிதத்தோடு முடிந்துபோகிறது.

வழி நம்மிடமே இருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐ-க்களை டாடா டெக்னாலஜீஸுடன் இணைந்து ‘தொழில் 4.0’ மையங்களாக அரசு தரம் உயர்த்தியிருக்கிறது. சிஎன்சி இயந்திரங்களும் ரோபோக்களும் வந்திறங்கியிருக்கின்றன. வகுப்பு முடிந்த மாலைகளில் இந்தப் பட்டறைகளை மாணவர், விவசாயி, லேத் தொழிலாளி என வரைபடத்தோடு வரும் எவருக்கும் திறந்துவிட வேண்டும். மூலப்பொருளுக்குச் சிறு நல்கையும், பாதுகாப்புக்கு அனுபவமிக்க பயிற்றுநர் ஒருவரும் அவசியம். புணே அருகே பாபல் கிராமத்தில் விஞ்ஞான் ஆசிரமம் 2002-லேயே இத்தகைய பொதுப் பட்டறையைத் தொடங்கியது. கிராமத்தில் சாத்தியமானது நம் மாவட்டத் தலைநகரங்களில் ஏன் முடியாது?

விலையுயர்ந்த இயந்திரத்தை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவைப்பது பாதுகாப்பு ஆகாது, அது வீணடிப்பு. உடைந்த முதல் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பிழை நேர்ந்தது என்று ஒரு மாணவி யோசிக்கும் மாலைப்பொழுதுக்காகத்தான் அந்தப் பணம் செலவாகியிருக்கிறது.