முறிந்த போல்ட்டைக் கழற்றுவதும் ஒரு படிப்புதான்

“படிப்பு ஏறவில்லையா? ஏதாவது பட்டறையில் சேர்ந்துவிடு.” எஸ்.பி.எம். முடிவுகள் வரும்போதெல்லாம் நம் வீடுகளில் கேட்கிற பேச்சு இது. சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பட்டறை என்பது மூளைக்கு வேலையில்லாத இடம் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் பழைய டிராக்டர்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறவன் நான். இந்த நினைப்பு தவறு என்று காட்ட எனக்கு ஒரே ஒரு முறிந்த போல்ட் போதும்.

மாசி ஃபெர்குசன் 135 என்ற டிராக்டரை எடுத்துக்கொள்வோம். 1964ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது. அதன் இன்ஜினில் புகைக்குழாயைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒவ்வொரு நாளும் சூடாகி ஆறுகின்றன. நம் நாட்டு மழை ஒரு பக்கம். டிராக்டர் ஏற்றிச் செல்லும் பொட்டாசியம் குளோரைடு உரம் இன்னொரு பக்கம். உப்பைப் போலவே இந்த உரமும் இரும்பை அரிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் மரைகளுக்கு இடையே ஆப்பு அடித்ததுபோல் போல்ட் இறுகிவிடும். ஸ்பேனரைப் போட்டு வேகமாக இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும். உடல் இன்ஜினுக்குள் நின்றுவிடும்.

இப்போது என்ன செய்வது? இங்கேதான் படிப்பு தொடங்குகிறது. மென்மையான வழியை முதலில் செய்து பார்க்க வேண்டும். கடுமையான வழி கடைசியில்தான்.

முறிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால், துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வோம். நட்டு பிடிப்பதற்காக மட்டுமல்ல. வெல்டிங் தரும் சூடும் வேலை செய்கிறது. எஃகு ஒரு டிகிரி சூட்டுக்குத் தன் அளவில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். 10 மில்லிமீட்டர் போல்ட்டின் சூடு 500 டிகிரி ஏறினால் 0.06 மில்லிமீட்டர் விரிவு. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன்தான். ஆனால் விரிந்து, பிறகு ஆறிச் சுருங்கும்போது துருவின் பிடி உடைவதற்கு அது போதும். பிறகு ஸ்பேனரை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக் கழற்ற வேண்டும். பள்ளி அறிவியல் பாடம் இங்கே கைக்கு வேலை சொல்கிறது.

துண்டு உள்ளேயே முறிந்திருந்தால் துளையிட வேண்டும். நடுப்புள்ளி ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் துளைக்கும் முனை வார்ப்பிரும்பு மரையைத் தின்றுவிடும். அந்தத் துளையில் இறக்கித் திருப்பி எடுக்கும் ‘ஈசி அவுட்’ என்ற கருவி மிகக் கடினமான எஃகு. கடினமானது எளிதில் ஒடியும். அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதில் ஒரு கீறல்கூடப் போடாது. ஆகவே எப்போது திருப்ப வேண்டும் என்பதைவிட, எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரே நல்ல தொழிலாளி.

புதிய போல்ட் போடுவதிலும் கணக்கு உண்டு. இந்தப் பழைய டிராக்டர்களில் பெரும்பாலும் அங்குல அளவு மரைகள்தான். 3/8 அங்குலம் என்பது 9.525 மில்லிமீட்டர். ‘ஏறக்குறைய பத்துதானே’ என்று எம் 10 போல்ட்டை முடுக்கினால் மரை நாசமாகும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவிசை வலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 0.8 பங்கு, அதாவது 640 மெகாபாஸ்கலைத் தாண்டினால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும். அங்குல அளவு போல்ட்டில் எண்ணுக்குப் பதில் கோடுகள் இருக்கும். இதைப் படிக்கத் தெரியாதவர் மாட்டும் போல்ட், மேட்டில் பாரம் இழுக்கும்போது முறியலாம். டிராக்டர் மேல் அமர்ந்திருப்பவர் ஒரு குடும்பத்தின் அப்பா.

“புது டிராக்டரில் எல்லாம் கணினிமயம்; பழையதை ஏன் கட்டி அழ வேண்டும்?” என்று கேட்கலாம். புது டிராக்டரையும் போல்ட்டுகள்தான் இணைக்கின்றன. மழையும் உரமும் அதற்கும் ஒன்றுதான்.

பட்டறைக்கு வந்தால் பணம் கொட்டும் என்று நான் சொல்லமாட்டேன். குறைந்த சம்பளத்திலேயே ஆண்டுக்கணக்கில் ஓடும் பட்டறைகளும் உண்டு. கையில் தொழில் இருந்தும் தாளில் சான்று இல்லாததே பலரை அங்கேயே நிறுத்திவிடுகிறது. அதனால்தான் இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகள் திவெட் வழியாக, மலேசியத் திறன் சான்றிதழோடு வர வேண்டும் என்கிறேன். ஒன்று முதல் மூன்று வரை அதன் நிலைகள். நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. வேலையிடத்திலும் பயிற்சி மையத்திலும் மாறி மாறிக் கற்கும் தேசிய இரட்டைப் பயிற்சி முறையும் இருக்கிறது.

பல்கலைக்கழக மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தோட்டத்துப் பட்டறைகளில் முப்பது, நாற்பது ஆண்டு இதே வேலையைச் செய்த நம் பெரியவர்களிடம் சான்றிதழ் இல்லை. அவர்களுக்காகவே திறன் மேம்பாட்டுத் துறையில் முன்னனுபவ அங்கீகார முறை இருக்கிறது. செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டில் தேறினால் அந்த அனுபவத்துக்கே சான்றிதழ் கிடைக்கும். ஆனால் கோப்பு தயாரிப்பதும் மலாயில் எழுதுவதும் பலருக்கு மலைப்பாக இருக்கிறது. உங்களுக்கு அது ஒரு வார இறுதி வேலை. உங்கள் கழகங்கள் ஆளுக்கொரு மாமாவின் கோப்பை எழுதிக் கொடுக்கட்டும். எழுதும்போது அவர் போல்ட்டை எப்படிக் கழற்றுகிறார் என்றும் கேளுங்கள். எந்தச் சத்தம் வந்தால் கையை நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் ஓய்வு பெறுவதற்குள் கேட்டுக்கொள்வது நம் பொறுப்பு.