மலைக்குப் போனவர் வீட்டுக்கும் வந்தார்



ஒருவர் நித்திரையடைந்தபின் எழுதப்படும் நினைவுக் குறிப்பில் அவருடைய முழு வாழ்வும் சில சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. "குடும்பத்தை நேசித்தவர், காடும் மலையும் அவருக்கு உயிர்" என்று ஒருவரைக் குறித்து எழுதியிருந்தால், முதற்பகுதியை நாம் மதிப்போடு வாசிக்கிறோம், இரண்டாம் பகுதியை ஏதோ பொழுதுபோக்கு என்று கடந்துவிடுகிறோம். இன்னும் சிலருக்கு ஓர் ஐயம் எழும். மலையிலே இருக்கிறவர் மனைவி மக்களோடு எப்படி இருந்திருப்பார்? நியாயமான கேள்விதான். ஆனால் அதே கேள்வியை மற்றொரு கூட்டத்தாரிடமும் கேட்க நாம் கூசுகிறோம். அவர்கள் யார் என்பதைச் சற்றுப் பின்னர் சொல்லுகிறேன்.

ஜான் மியூர் என்பவரை இவ்வாரம் நினைவுகூருவோம். அமெரிக்காவின் சியரா நெவாடா மலைகளையும் யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் காக்கும்படி எழுதியும் வாதாடியும் வாழ்ந்தவர். யோசெமிட்டி 1890-ல் தேசியப் பூங்கா ஆனதில் அவருடைய எழுத்துக்குப் பெரும் பங்குண்டு. 1892-ல் சியரா கிளப் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். 1903-ல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரோடு யோசெமிட்டியின் திறந்த வெளியில் இரவு தங்கினார். இவையெல்லாம் உலகம் அறிந்தவை. அவர் மகனாகவும் கணவனாகவும் தகப்பனாகவும் வாழ்ந்த வாழ்வையே நான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மியூர் 1838-ல் ஸ்காட்லாந்தின் டன்பார் என்னும் கடற்கரை ஊரிலே பிறந்தார். 1849-ல் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் பகுதியில் குடியேறியது. தந்தை டேனியல் மியூர் வேதவைராக்கியம் மிகுந்தவர். புதிய ஏற்பாடு முழுவதையும் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியையும் மகன் மனப்பாடமாக அறிந்திருந்தான். அன்பினால் கற்றதல்ல, பிரம்புக்கு அஞ்சிக் கற்றது. பண்ணை வேலையைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவிட்டு, தகப்பனார் வேதம் வாசிக்கவும் பிரசங்கிக்கவும் தம்மை ஒப்புக்கொடுத்தார். பாறையைக் குடைந்து சுமார் 90 அடி ஆழக் கிணறு வெட்டும் வேலையும் இந்த ஒரு மகன்மேல்தான் விழுந்தது. மாதக்கணக்காக, விடியற்காலையில் வாளியில் இறக்கிவிடுவார்கள். சுத்தியலும் உளியுமாய் நாள் முழுதும் உடைப்பான். ஒருநாள் ஆழத்தில் தேங்கியிருந்த நச்சுக்காற்று அவனை மயக்கி, ஏறக்குறைய உயிரைக் குடித்துவிட்டது. மேலே தூக்கி எடுத்தார்கள். ஓரிரு நாள் சென்றதும், மறுபடியும் அதே கிணற்றுக்குள் இறக்கினார்கள்.

பின்னாட்களில் டேனியல் பிரசங்கப் பணிக்கென்று கனடாவிலுள்ள ஹாமில்டன் நகருக்குப் போய்விட்டார். மனைவி ஆன் அவரோடு போகவில்லை, விஸ்கான்சினிலேயே தங்கிவிட்டார். 1874-ல், மலைகளைப்பற்றி மகன் எழுதிய எழுத்தைக் கண்டித்து, அதை எரித்துவிடும்படி தகப்பனார் ஒரு கடிதம் அனுப்பினார். பனிமலைகளைப் பாடுவது ஆத்துமாக்களுக்கு உதவாது என்பது அவர் எண்ணம்.

பிரியமானவர்களே, முதலில் நான் குறிப்பிட்ட அந்த மற்றொரு கூட்டத்தார் இவர்களே. காட்டுக்குப் போகிறவரைப் பார்த்து, "வீட்டை யார் கவனிப்பது?" என்று உடனே கேட்கிறோம். வாரத்தில் ஐந்து மாலை சபைக் கூட்டங்களுக்குப் போகிறவரைப் பார்த்து அப்படிக் கேட்பதில்லை. அவருடைய அடக்க ஆராதனையில், "தம் குடும்பத்தைக்கூடப் பாராமல் ஊழியம் செய்தவர்" என்று புகழ்ந்து பேசுகிறோம். அச்சொற்களை முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் விதவையின் முகத்தையும் பிள்ளைகளின் முகத்தையும் நோக்குகிறோமா? அது புகழ்ச்சியா, குற்றச்சாட்டா என்பது அவர்களுக்குத் தெரியும். தன் வீட்டாரை விசாரியாதவனைக் குறித்துப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது மிகக் கடுமையான தீர்ப்பு. அதில் ஊழியக்காரருக்கு விலக்கு ஏதும் இல்லை.

ஆகையால் ஒருவர் எங்கே போனார் என்பதை மட்டும் கேட்டால் அவர் வாழ்வை நிதானிக்க முடியாது என்பதே என் கருத்து. அவர் போனபோது அந்தச் சுமையைச் சுமந்தவர்கள் யார்? அவர்கள் மனமுவந்து சுமந்தார்களா? வீட்டில் அவருடைய தேவை உண்டானபோது திரும்பி வந்தாரா? இம்மூன்றையும் கேட்க வேண்டும்.

மியூரின் வாழ்வை இக்கேள்விகளால் அளந்து பாருங்கள். 1880-ல், தமது 41-ஆம் வயதில், கலிபோர்னியாவின் மார்ட்டினெஸ் ஊரிலே லூயி ஸ்ட்ரென்ட்செல் என்னும் அம்மையாரை மணந்தார். மணமான சில மாதங்களிலேயே அலாஸ்காவின் பனியாறுகளைக் காணப் புறப்பட்டார். மறுவருடம் மூத்த மகள் வாண்டா பிறந்து சில வாரங்களே ஆனபோது மீண்டும் வடதிசைக் கடலுக்குக் கப்பலேறினார். இதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அதன்பின் ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல், மலைகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்து, மாமனாரின் பழத்தோட்டத்தில் உழைத்தார். திராட்சையும் பேரியும் விளைவித்து, சந்தைக்கு அனுப்பி, குடும்பத்துக்கு வேண்டிய பொருளைச் சேர்த்தார். 1886-ல் இளைய மகள் ஹெலன் பிறந்தாள்; பலவீனமான குழந்தை. மகள்மாரோடு நடந்து, பூக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்த தகப்பன் அவர். வசனங்களைப் பிரம்பினால் கற்றவர், தம் பிள்ளைகளுக்குச் சிருஷ்டிப்பின் பெயர்களைக் கைப்பிடித்துக் கற்பித்தார். தகப்பன்மார் பிள்ளைகளைக் கோபப்படுத்தி மனந்தளரச் செய்யலாகாது என்ற அப்போஸ்தலப் புத்தியை இதைவிடத் தெளிவாய் வாழ்ந்து காட்டுவது எப்படி?

தோட்ட வேலை அவர் உடலை உருக்கியது, எழுத்தும் நின்றுபோயிற்று. இதைக் கண்டுகொண்டவர் லூயி அம்மையார். மலையேற்றம் அவருக்கு ஒத்துவரவில்லை. 1884-ல் கணவரோடு ஒருமுறை யோசெமிட்டிக்குப் போய்வந்தார், அவ்வளவே. ஆயினும் கணவருக்கு மலை எதுவாயிருந்தது என்பதை அறிந்திருந்தார். 1888-ல் மியூர் ரெய்னியர் மலைப்பக்கம் சென்றிருந்த வேளையில் அவருக்குக் கடிதம் எழுதினார்: ஒரு நல்ல வாழ்வையும் அதன் பணியையும் பலியாகக் கேட்கிற தோட்டம் நமக்கு வேண்டாம், அதை விட்டுவிடலாம் என்பது அதன் கருத்து. அதன்பின் நிலத்தின் ஒரு பகுதி கைமாறியது. பராமரிப்பும் மெல்ல மெல்ல உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. யோசெமிட்டிக்காக மியூர் எழுதிய எழுத்து அதற்குப் பிந்தியது. யோசெமிட்டியை நினைக்கிறவர்கள் லூயியையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். நம் நினைவு மலர்களில் மனைவியின் பெயர் "துணைவியார்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. அவர் விட்டுக்கொடுத்தவை எழுதப்படுவதில்லை.

இனி, அவர் திரும்பி வந்தாரா என்ற கேள்வி. 1885-ல் தம் தகப்பனாரின் முடிவு நெருங்கிவிட்டது என்ற எண்ணம் மியூரைப் பற்றிக்கொண்டது. கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்டு, விஸ்கான்சினில் தாயைக் கண்டு, உடன்பிறந்தாரையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு, கான்சாஸ் நகரில் படுக்கையிலிருந்த தந்தையிடம் போய்ச் சேர்ந்தார். கிணற்றுக்குள் தன்னை இறக்கியவர், தன் எழுத்தை எரிக்கச் சொன்னவர் உயிர்விட்டபோது அருகில் இருந்தது அந்த மகன்தான். லூக்கா 15-ல் வீட்டைவிட்டுப் போன இளைய குமாரன் திரும்பி வருகிறான். தகப்பன் ஓடிப்போய்த் தழுவுகிறார். இங்கோ தகப்பன் போய்விட்டார். மகன் தேடிச் சென்றான்.

1905-ல் ஹெலனின் நுரையீரல் நோய்க்காக வறண்ட காற்றுள்ள அரிசோனாவுக்கு மகள்மாரோடு போயிருந்தபோது, லூயி நோயுற்ற செய்தி வந்தது. உடனே திரும்பினார். ஆகஸ்டு மாதம் லூயி மரித்தார். அதன்பின் நெடுநாள் மியூரால் எழுத இயலவில்லை. மறுபடியும் மகள்மாரோடு அரிசோனா சென்று, கல்லாய்ச் சமைந்த பண்டைய மரங்களிடையே நடந்தே துக்கத்தைச் சுமந்தார்.

அவரிடத்தில் குறையே இல்லையென்று நான் சொல்லவில்லை. அமெரிக்கப் பூர்வகுடி மக்களையும் கறுப்பின மக்களையும் குறித்து அவர் இளமையில் எழுதிய சில சொற்கள் இழிவானவை. அவர் நிறுவிய சியரா கிளப்பே 2020-ல் அதை வெளிப்படையாய்ச் சுட்டிக்காட்டியது. அவருடைய விசுவாசமும் சபை ஒழுங்குக்குள் நிற்கும் விசுவாசமென்று சொல்ல முடியாது. மரித்தவரின் குறையை மூடிவைப்பதே மரியாதை என்று நாம் பழகியிருக்கிறோம். வேதம் அப்படிப் பழகவில்லை. தாவீதின் பாவத்தையும் பேதுருவின் மறுதலிப்பையும் எழுதிவைத்த பின்னும் அவர்களை நமக்கு நினைப்பூட்டுகிறது. உள்ளபடி நினைவுகூருவதே அன்பான நினைவுகூருதல்.

பிரியமானவர்களே, நம் சபையிலும் ஓய்வு கிடைத்தால் மலையேறப் போகிறவர்கள், ஏரிக்கரையில் பறவை பார்த்து நிற்கிறவர்கள் இருக்கக்கூடும். அவர்களைப் பொறுப்பற்றவர்களென்று அவசரமாய்த் தீர்க்காதிருங்கள். நம் ஆண்டவரும் வனாந்தரத்துக்குத் தனித்துப் போனார். போனவர் ஜனங்களிடத்தில் திரும்பி வந்தார். போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மனைவிக்கும் அப்படி ஓர் ஓய்வு நாள் உண்டா? அவர்கள் எங்கே போக விரும்புகிறார்கள் என்று எப்போதாவது கேட்டதுண்டா? சபைப் பணியில் ஓய்வின்றி ஓடுகிறவர்களுக்கும் எனக்கும் சேர்த்தே இந்தக் கேள்வியை வைக்கிறேன். இவ்வாரத்தில் ஒரு மாலையை எந்தக் கூட்டத்துக்கும் கொடாமல், வீட்டாரோடு திறந்த வெளியில் நடந்து பாருங்கள். பிள்ளைக்கு ஒரு மரத்தின் பெயரையாவது சொல்லிக்கொடுங்கள். தெரியாவிட்டால் பிள்ளையிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

1914 டிசம்பரில் மியூர், பாலைவன ஊராகிய டாகெட்டில் வாழ்ந்த ஹெலனைக் காணச் சென்றார். அங்கே நிமோனியா காய்ச்சல் கண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையொன்றில் டிசம்பர் 24 அன்று மரித்தார். அவர் மேற்கொண்ட கடைசிப் பயணம் மகளின் வீட்டுக்கானது. உயர்ந்த மலைகள் பலவற்றை ஏறியவரை, மார்ட்டினெஸில் குடும்பக் கல்லறையில், லூயியின் அருகில் அடக்கம் செய்தார்கள்.

நம்மைக் குறித்தும் ஒருநாள் சில வரிகள் எழுதப்படும். அவை மெய்யென்று நம் வீட்டார் சாட்சி சொல்லும்படி வாழ, கர்த்தர் நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.