வாசலில் வேப்பிலை, வாட்ஸ்அப்பில் விசாரணை

கருங்குழி, மதுராந்தகம் பக்கத்து ஊர்களில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். தெருவுக்கே அது சேதி. வெளியாட்கள் உள்ளே வர மாட்டார்கள். வந்திருப்பது ஆத்தா என்பதால் பிள்ளையை யாரும் குற்றம் சொல்லவும் மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளை தெருவில் இறங்கும். மருத்துவரிடம் காட்டாமல் விட்டுவிடுவது இந்த வழக்கத்தின் பெரிய கோளாறு. என்றாலும் நோயை வெட்கப்படாமல் ஊருக்குச் சொல்ல அதில் வழி இருந்தது. இன்று வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மையோ பொன்னுக்கு வீங்கியோ வந்தால் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழும் கேள்வி, ‘யாரோட பிள்ளை?’ என்பதுதான். பெயர் வெளியே வந்ததும் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால், அடுத்து காய்ச்சல் காணும் வீடு அன்றே வாயை மூடிக்கொள்கிறது.

அந்த மௌனம்தான் ஆபத்து. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும். பொன்னுக்கு வீங்கியும் கன்னம் வீங்கும் முன்பே பரவத் தொடங்கிவிடும். நமக்குத் தெரியவரும்போது பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு அது போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆகவே முதல் பிள்ளையைத் தேடிப் பிடிப்பதில் பெரிய பலன் இல்லை. இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகள் உடம்பு சுட்ட முதல் நாளே வீட்டில் இருந்துவிட்டால் பலன் உண்டு. அதற்குப் பெற்றோர் பயமில்லாமல் பள்ளிக்குச் சொல்ல வேண்டும்.

பேசாமல் பள்ளியையே மூடிவிட்டால் என்ன என்பார்கள். 2023 மார்ச்சில் ஃப்ளூ காய்ச்சல் பெருகியபோது புதுச்சேரி அதைத்தான் செய்தது: ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 16ஆம் தேதி முதல் 26 வரை விடுமுறை. தமிழக அரசு காய்ச்சல் முகாம்களை நடத்தியது, பள்ளிகளை மூடவில்லை. ஃப்ளூ தொற்றிய சில நாட்களில் வெளிப்பட்டுவிடும் என்பதால் புதுச்சேரியின் முடிவில் ஓரளவு நியாயம் உண்டு. சின்னம்மைக்கோ 10 முதல் 21 நாள் வரை ஆகும். பொன்னுக்கு வீங்கிக்கு இரண்டு, மூன்று வாரம். பத்து நாள் மூடினால் ஒரு சுற்றுகூட முடியாது. அதற்குள் பிள்ளைகள் தெருவிலும் டியூஷனிலும் ஒன்றாகத்தான் இருப்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் காலை உணவும் சத்துணவும் நின்றுபோவது தனிக்கணக்கு.

‘என் பிள்ளையின் வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா?’ என்பது நியாயமான கேள்வி. நிச்சயம் உண்டு. என்ன நோய், எந்த வகுப்பு, எந்தத் தேதி முதல், எந்த அறிகுறியைப் பார்க்க வேண்டும் என்பதைப் பள்ளி அன்றைக்கே எழுத்தில் சொல்லியாக வேண்டும். கர்ப்பிணி ஆசிரியைக்கும், புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கும் சின்னம்மை உயிர் வரை போகலாம். மூடி மறைக்கும் பள்ளி அவர்களைத்தான் பலி கொடுக்கிறது. ஆனால் இதில் எதற்கும் பிள்ளையின் பெயர் தேவையில்லை. தடுப்பூசியிலும் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. இந்த வகை நோய்களில் அரசு இலவசமாகப் போடுவது தட்டம்மை, ரூபெல்லாவுக்குத்தான். சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி ஊசிகளைக் காசு கொடுத்துத் தனியாரிடம்தான் போட வேண்டும். வாங்க முடியாத வீட்டைப் பார்த்து ‘ஏன் போடவில்லை’ என்று கேட்பது கொடுமை.

காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பும் தாயைத் திட்டுவது சுலபம். விடிகாலையில் கம்பெனி பஸ் பிடித்து மறைமலை நகருக்கு ஷிப்ட் போகிறவர் ஒருநாள் நின்றால் ஒருநாள் கூலி போகும். பள்ளியும் தன் பங்குக்கு ஆண்டு விழாவில் நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கிறது. உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்த பிள்ளை, சரியானதைச் செய்து பரிசை இழக்கிறது. கூலி விஷயம் தலைமை ஆசிரியர் கையில் இல்லை, பரிசு இருக்கிறது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் யாராவது ஒரு பெற்றோர் எழுந்து, அந்தப் பரிசை நிறுத்தச் சொல்லுங்கள்.