31 பாட்டும் எங்களுக்காக இல்லை

நீளமான அல்பம் ரசிகர்களுக்குக் கிடைச்ச பரிசு என்று சொல்லுற ஆக்களோடு நாங்கள் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கு. அது பரிசு இல்லை. கணக்கு.

2024 ஏப்ரல் 19ஆம் திகதி டெய்லர் ஸ்விஃப்ட் 'த டோர்ச்சர்ட் போயட்ஸ் டிப்பார்ட்மென்ட்' அல்பத்தை 16 பாட்டோடு வெளியிட்டார். இரண்டு மணித்தியாலம் கழிய இன்னும் 15 பாட்டு வந்தது. மொத்தம் 31 பாட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல. "அள்ளித் தந்திட்டா" என்று கொண்டாடினவை கனபேர். இருபதாவது பாட்டுக்கு வரேக்க, இப்ப கேட்கிறது புதுப்பாட்டா, இல்லாட்டி முந்தினதுதான் இன்னும் முடியேல்லையா என்று எங்களுக்குப் பிடிபடேல்லை. அதே மெல்லிய சின்த், அதே நடுத்தர வேகம், அதே காயம். அவருக்கு எழுதத் தெரியாது என்று ஆரும் சொல்ல ஏலாது. 2020இல் வந்த 'ஃபோக்லோர்' கேட்டவைக்கு அது தெரியும். இங்க இல்லாமல் போனது திறமை இல்லை, கத்தரிக்கோல்.

ஏன் கத்தரிக்கோல் தொலைஞ்சது? 2014 டிசம்பரில் பில்போர்ட் 200 பட்டியல் ஸ்ட்ரீம்களையும் கணக்கில் எடுக்கத் தொடங்கியது. ஒரு அல்பத்தின் பாட்டுகள் 1500 தடவை ஸ்ட்ரீம் ஆனால் ஒரு அல்பம் விற்றதுக்குச் சமம் என்பது விதி. 2018இல் காசு கட்டிக் கேட்கிறவருக்கு ஒரு கணக்கு, இலவசமாகக் கேட்கிறவருக்கு வேறொரு கணக்கு என்று எண்ணிக்கைகள் மாறின. அடிப்படை மாறவில்லை. அந்த முதல் விதியை வைத்தே பெருக்கிப் பாருங்கோ: 10 பாட்டு அல்பம் ஒன்றை முழுசாக 150 தடவை கேட்டால்தான் ஒரு அல்பம் விற்றதாக எழுதுவார்கள். 30 பாட்டு என்றால் 50 தடவை போதும். பாட்டின் தரத்தில் எந்த வித்தியாசமும் இல்லாமல், நீளத்தால் மட்டும் மூன்று மடங்கு லாபம்.

ஹிப்ஹொப்காரர் இதை முதலே கண்டுபிடிச்சிட்டினம். 2017இல் 13 பாட்டோடு 'கல்ச்சர்' தந்த மீகோஸ், அடுத்த வருஷமே 24 பாட்டோடு 'கல்ச்சர் 2' கொண்டுவந்தார்கள். முதலாவதில் இருந்த இறுக்கம் இரண்டாவதில் தண்ணியாகிப் போனது. அதே 2018இல் ட்ரேக்கின் 'ஸ்கோர்பியன்': 25 பாட்டு, ஒன்றரை மணித்தியாலம். அதில் மூன்று பாட்டு பில்போர்டில் முதலிடம் பிடிச்சது உண்மை. மிச்சம் 22இல் எத்தினையின் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கு? அதே வருஷம் புஷா டீ 'டேடோனா'வில் 7 பாட்டு, 21 நிமிஷத்தில் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார். டியெரா வாக் ஒவ்வொரு நிமிஷமாக 15 பாட்டுப் போட்டு, கால் மணித்தியாலத்தில் ஒரு முழு உலகத்தைக் காட்டினார்.

"பிடிக்காட்டி ஸ்கிப் பண்ணு" என்பது வழக்கமான பதில். ஸ்பொட்டிஃபையில் 30 செக்கன் ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம் கணக்கில் ஏறிவிடும். பிடிக்குதா இல்லையா என்று நாங்கள் முடிவெடுக்க முதலே எங்கட பங்கு வசூலாகிவிட்டது.

நீளமே குற்றம் என்றோ, அந்தக் காலம்தான் பொற்காலம் என்றோ நாங்கள் சொல்லவரவில்லை. சீடி காலத்திலயும் தட்டில் இடம் இருக்கு என்றதுக்காகவே நிரப்பின ராப் அல்பங்கள் கனக்க. மற்றப் பக்கம், கென்ட்ரிக் லாமரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' கிட்டத்தட்ட 80 நிமிஷம். ஒரு நிமிஷத்தையும் வெட்ட ஏலாது. பியோன்சேயின் 'கௌபோய் கார்ட்டர்' 27 துண்டுகள். ஆனால் அங்க லிண்டா மார்டெலின் குரல் வருது. 1969இல் க்ராண்ட் ஓலே ஒப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவர். கன்ட்ரி இசை ஆருடைய சொத்து என்ற கேள்விதான் அந்த அல்பம். அந்தக் குரலை எடுத்தால் கேள்வியே விழுந்துவிடும். அது தேவையான நீளம்.

2024இலேயே மற்ற வழியும் இருந்தது. பில்லி ஐலிஷ் முன்கூட்டி ஒரு பாட்டையும் தனியாக விடாமல் 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சொஃப்ட்' தந்தார். 10 பாட்டு. ஒன்றின் வால் மற்றதின் தலையில் முட்டுது. நவம்பரில் கென்ட்ரிக் அறிவிப்பே இல்லாமல் 'ஜிஎன்எக்ஸ்' விட்டார். ட்ரேக்கோடு நடந்த சண்டையில் வென்ற கையோடு, அவர் தும்மினாலும் உலகம் கேட்கத் தயாராக இருந்த நேரம். 30 பாட்டுப் போட்டிருக்கலாம். போட்டது 12. தன்னில நம்பிக்கை இருக்கிற ஆளுக்கு எங்க நிற்பாட்டுறது என்று தெரியும்.

சோதனையில் மேலதிகத் தாள் வாங்கிக் கட்டினால் புள்ளி கூடும் என்ற நம்பிக்கை எங்கட கலைப்பீடத்திலயும் இருக்கு. அந்தத் தாள்களை ஒரு ஆள் இருந்து வாசிக்க வேண்டும். இங்க அந்த ஆள் நாங்கள்தான். ரீலோட் போடுறதும் நாங்கள், நேரம் குடுக்கிறதும் நாங்கள். இதுக்கு மேல, விருப்பமான பாடகருக்காக இரவிரவாகச் சத்தத்தைக் குறைச்சுவிட்டு ஃபோனில் அல்பத்தை ஓடவிடுற ஆக்களும் இருக்கினம். கேட்காத பாட்டுக்குக் கணக்கு ஏத்துறதை ரசனை என்று சொல்ல ஏலாது. அது சம்பளமில்லாத வேலை.

இதால பெரிய நட்டம் கதைக்கிற விதத்துக்குத்தான். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "முதலிடம்", "ரெக்கோர்ட் உடைச்சிட்டா" என்று பதில் வருது. நாலாவது பாட்டில் ட்ரம் ஏன் திடீரென்று நிற்குது, கடைசிப் பாட்டு முதல் பாட்டுக்கு என்ன பதில் சொல்லுது என்று கதைக்க ஆள் இல்லை. விற்பனைப் பிரிவு பார்க்கிற அட்டவணையை நாங்கள் விமர்சனமாக ஒப்பிக்கிறம்.

ஆகவே எங்கட நிலைப்பாடு இதுதான். இனி ஆரும் ஒரு அல்பத்தை எங்களிட்டப் புகழ்ந்தால், எத்தினை கோடி ஸ்ட்ரீம் என்று கேட்கமாட்டம். அதில் எந்தப் பாட்டை வெட்டலாம் என்று கேட்பம். ஒன்றையும் வெட்ட ஏலாது என்று காரணத்தோடு சொன்னால், அண்டைக்கு இரவே இருந்து முழுசாகக் கேட்பம். 31 என்றாலும் சரி.