வருஷத்துக்கு 14 போட்டிதான்! இந்தியன் விமன்ஸ் லீக் புதிய சீசனில் என்ன மாற்றம்? மதுரை சேது அணிக்கு வாய்ப்பு எப்படி?

இந்தியாவின் முதல்நிலை மகளிர் கால்பந்துத் தொடரான இந்தியன் விமன்ஸ் லீக்கின் 2025-26 சீசன் 2025 டிசம்பர் பிற்பகுதியில் தொடங்கியது. மொத்தம் 8 அணிகள். முந்தைய சீசனின் சாம்பியன் ஈஸ்ட் பெங்கால். தமிழ்நாட்டில் இருந்து களமிறங்குவது மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி.

கோப்பை யாருக்கு என்பதைவிட இந்த முறை பெரிய கேள்வி ஒன்று இருக்கு. இந்திய மகளிர் அணி உலகக் கோப்பை கனவோடு ஆசியக் கோப்பைக்குப் போகும் நேரத்தில், வீராங்கனைகளுக்கு உள்ளூரில் போதுமான போட்டிகள் கிடைக்கிறதா?

எந்தெந்த அணிகள் ஆடுகின்றன?

ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளா, ஸ்ரீபூமி, கிக்ஸ்டார்ட், நிதா, சேது ஆகிய 6 அணிகள் போன சீசனிலும் இருந்தவை. கர்வால் யுனைடெட், சேசா ஆகிய இரண்டும் இரண்டாம் டிவிஷனில் இருந்து மேலே வந்திருக்கின்றன.

வெளியேறிய இரண்டில் ஒன்று ஒடிசா எஃப்.சி. 2023-24 சீசனின் சாம்பியனே அந்த அணிதான். பட்டம் வென்று ஒரே வருஷத்தில் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. இந்தியாவில் ஒரு மகளிர் அணியை வருஷா வருஷம் அதே பலத்தோடு வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

போட்டிகள் எப்படி நடக்கும்?

ஒவ்வொரு அணியும் மற்ற 7 அணிகளோடு தலா இரண்டு முறை மோதும். அதாவது ஒரு அணிக்கு 14 போட்டிகள். அதிகப் புள்ளி எடுக்கும் அணிக்குக் கோப்பை. அரையிறுதி, இறுதி என்றெல்லாம் கிடையாது.

மாற்றம் எங்கே என்றால், 2023-24ல்தான் முதல்முறையாக சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று மாறி மாறி ஆடும் முறை வந்தது. இரண்டு சீசன் அப்படி நடந்தது. இப்போது மறுபடியும் எல்லா அணிகளையும் கொல்கத்தா வட்டாரத்துக்கு வரவழைத்து ஒரே இடத்தில் நடத்துகிறார்கள். அதுவும் இரண்டு கட்டமாக. பாதிப் போட்டிகள் ஆசியக் கோப்பைக்கு முன்பு, மீதி அதற்குப் பிறகு.

ஏன் இந்த முடிவு?

முதல் காரணம் ஆசியக் கோப்பை. 2026 மார்ச் 1 முதல் 21 வரை ஆஸ்திரேலியாவில் நடக்கிறது. அதற்கு முன் தேசிய அணிக்குப் பயிற்சி முகாம் வேண்டும். லீக்கை நிறுத்தினால்தான் வீராங்கனைகள் கிடைப்பார்கள்.

இரண்டாவது, பணம். இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைக்காக 2010ல் போடப்பட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ஆம் தேதியோடு முடிந்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முக்கிய வருமானமே அதுவாகத்தான் இருந்தது. ஐ.எஸ்.எல். தொடருக்கான புதிய டெண்டருக்கு நவம்பரில் ஒரு நிறுவனம்கூட விண்ணப்பிக்கவில்லை. ஆண்கள் லீக்குக்கே இந்த நிலைமை. 8 அணிகள் நாடு முழுக்கப் பயணம் செய்யும் செலவு யாருக்குமே சுமைதான்.

ஒரே இடத்தில் நடத்தினால் என்ன நஷ்டம்?

செலவு குறையும், சரி. ஆனால் இழப்பும் உண்டு. சேது அணி ஆடுவதை மதுரை ரசிகர்கள் நேரில் பார்க்க முடியாது. கோகுலத்துக்கு கோழிக்கோடு கூட்டம் இருக்காது. டிக்கெட், உள்ளூர் ஸ்பான்சர் என்று ஒரு கிளப் சொந்தக் காலில் நிற்கும் வழியும் அடைபடுகிறது. போட்டிகளும் நெருக்கமாக வரும். காயம் பட்டால் குணமாகி வருவதற்குள் பாதி சீசன் முடிந்துவிடும்.

இதில் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஸ்ரீபூமிக்கும் சின்ன லாபம். அவர்களுக்கு கொல்கத்தா சொந்த ஊர்.

14 போட்டி போதாதா?

ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும். 2024-25 ஐ.எஸ்.எல். சீசனில் ஒவ்வொரு ஆண்கள் அணியும் லீக் சுற்றில் மட்டும் 24 போட்டி ஆடியது. அதே சீசனில் இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீக்கில் ஒரு அணிக்கு 22 போட்டி. இங்கே 14தான். அதற்கும் நடுவில் நீண்ட இடைவெளி.

தேசிய அணிக்குத் தேர்வாகும் இருபத்துச் சொச்சம் பேருக்கு அந்த இடைவெளியில் முகாம் இருக்கும், பயிற்சி இருக்கும். மற்றவர்களுக்கு? ஒரு அணிக்கு 25 பேர் என்று வைத்தாலும் 8 அணிகளில் 200 பேர். அதில் பெரும்பாலானவர்கள் இரண்டாம் கட்டம் தொடங்கும்வரை லீக் போட்டியே இல்லாமல் காத்திருக்கணும். அடுத்த இந்திய வீராங்கனை வரவேண்டியது அந்தக் கூட்டத்தில் இருந்துதான்.

சம்பளமும் இதோடு சேர்ந்ததுதான். ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 3.2 லட்சம் ரூபாய் தரணும் என்று கூட்டமைப்பு 2023ல் அறிவித்தது. மாதம் 27 ஆயிரத்துக்கும் குறைவு. அதனால்தான் பலருக்கும் போலீஸ், ரயில்வே போன்ற வேலைதான் உண்மையான பாதுகாப்பு. இந்தியாவுக்காக ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர்.

இவ்வளவுக்கு நடுவிலும் என்ன சாதித்தார்கள்?

2025 ஜூலை 5ஆம் தேதி சியாங் மாய் நகரில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று இந்தியா வீழ்த்தியது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தது. தகுதிச்சுற்று ஆடி வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குள் நுழைவது இதுதான் முதல்முறை. ஜப்பான், வியட்நாம், சீன தைபே இருக்கும் பிரிவில் இந்தியா ஆடுகிறது. காலிறுதிக்குப் போய்விட்டால், 2027 பிரேசில் உலகக் கோப்பைக்கான கதவு திறக்கும்.

கிளப் அளவிலும் முன்னேற்றம் தெரிகிறது. ஆசிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் நவம்பரில் ஈரானின் பாம் காதூன் அணியை ஈஸ்ட் பெங்கால் 3-1 என்று தோற்கடித்தது. காலிறுதிக்குப் போக முடியவில்லை என்றாலும் அது சாதாரண வெற்றி இல்லை.

கோப்பை யாருக்கு?

முதல் வாய்ப்பு ஈஸ்ட் பெங்காலுக்குத்தான். போன சீசனில் கோகுலத்துக்காக 24 கோல் அடித்த உகாண்டாவின் ஃபாசிலா இக்வாபுட் இப்போது ஈஸ்ட் பெங்கால் பக்கம். மூன்று முறை சாம்பியனான கோகுலத்துக்கு அந்த இடத்தை நிரப்புவதே முதல் வேலை.

சேது அணி 2018-19ல் லூதியானாவில் நடந்த இறுதிப்போட்டியில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. 2021-22ல் கடைசிப் போட்டி வரை கோகுலத்தோடு மல்லுக்கட்டி இரண்டாவது இடம் பிடித்தது. தமிழ்நாடு மாநில அணியும் 2018, 2023 என இரண்டு முறை தேசிய சாம்பியன். ஆக, இங்கே திறமைக்குப் பஞ்சமில்லை. பெரிய நிறுவனங்களின் பணம் இல்லாமல் சேது இத்தனை வருஷம் முதல் டிவிஷனில் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். முதல் நான்கு இடங்களுக்குள் வந்தாலே இந்த சீசன் வெற்றிதான்.

இனி எதைக் கவனிக்கணும்?

மூன்று விஷயம். ஆசியக் கோப்பை முடிந்ததும் இரண்டாம் கட்டம் தள்ளிப்போகாமல் தொடங்குகிறதா? அடுத்த சீசனில் போட்டிகள் சொந்த ஊர்களுக்குத் திரும்புகின்றனவா? அணிகளின் எண்ணிக்கை 8ஐத் தாண்டுகிறதா? ஆஸ்திரேலியாவில் இந்தியா நன்றாக ஆடினால் கைதட்டல் நிச்சயம் கிடைக்கும். ஆனால் இந்த மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால்தான், மதுரையிலோ கடலூரிலோ இன்றைக்குப் பந்தை உதைக்கும் ஒரு பெண்ணுக்கு கால்பந்து ஒரு தொழிலாக மாறும்.