தோட்டாவிற் பூசிய மெழுகு

தேன்மெழுகையும் விலங்குக் கொழுப்பையும் உருக்கிக் கலந்தால் ஈயக் குண்டுக்குரிய பூச்சு ஆயத்தமாகிவிடும். கரிய வெடிமருந்து எரிந்தபின் துப்பாக்கிக் குழாயினுட் கசடு படியும். அதனை இளக்காவிடின் அடுத்த குண்டைக் குழாயின் வாய்வழியே இடித்து இறக்குதல் அரிது. பூச்சின் தொழில் இவ்வளவே. ஆயினும் 1857ஆம் ஆண்டில் இந்தியாவைக் கலக்கிய கிளர்ச்சிக்கு, வேறு காரணங்கள் பல இருப்பினும், பொறியாய் அமைந்தது இதுவேயாம்.

என்பீல்ட் துப்பாக்கியின் தோட்டா, மருந்தும் குண்டும் பொதிந்த காகிதச் சுருள். அதன் நுனியைப் பல்லாற் கடித்துக் கிழிப்பதே அந்நாளைய முறை. பூசப்பட்டது பசுவின் கொழுப்போ, பன்றியின் கொழுப்போ என்னும் ஐயம் அவ்வாண்டு ஜனவரியில், கல்கத்தாவை அடுத்த டம்டத்தில் எழுந்தது. முன்னது இந்துக்களுக்கு ஆகாது. பின்னது முஸ்லிம்களுக்கு ஆகாது.

அரசினர் வாளாவிருந்தனர் என எண்ணற்க. சிப்பாய்கள் தாம் விரும்பிய மெழுகையும் எண்ணெயையும் தாமே கலந்து பூசிக்கொள்ளலாம் என அம்மாதமே இசைந்தனர். பின்னர்க் கையாற் கிழிக்கலாம் என விதியையும் திருத்தினர். எவ்வளவு நியாயமான ஏற்பாடு! ஆனால் ஐயமோ அதற்குள் காகிதத்துக்குத் தாவிவிட்டது. காகிதம் பளபளக்கின்றதே, அதனுள்ளும் கொழுப்பு இருக்குமோ என்றனர்.

ஏப்ரல் 24ஆம் நாள் மீரட்டிற் குதிரைப்படையினர் 90 பேருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவையோ அவர்கள் நெடுநாட் கையாண்ட பழைய வகைத் தோட்டாக்களே! மே 9ஆம் நாள் அணிவகுப்பின் முன்னே அவர்கள் காலில் விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மாலை மீரட் பற்றியெரிந்தது.