மருத்துவமனைச் சதிப் படங்களும் நம் வட்டாரத்துச் சிறுநீரகங்களும்: எங்கள் நிலைப்பாடு

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பகுதிகளில் பனியன் கம்பெனிகளிலும் தறிக்கூடங்களிலும் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் திரைப்பட வட்டம் இந்த அறிக்கையை வெளியிடுகிறது. மருத்துவமனைக்குள் நடக்கும் சதியை மர்மக் கதையாகச் சொல்லும் படம் ஒன்று வரும்போதெல்லாம் அதைத் தடை செய்ய வேண்டும், காட்சிகளை வெட்ட வேண்டும், அது மக்களை மருத்துவத்திடமிருந்து விரட்டுகிறது என்று குரல்கள் எழுகின்றன. எங்கள் பதில் இதுதான்: தடை கூடாது, ஒரு காட்சியையும் வெட்டக் கூடாது. ஆனால் இந்தப் படங்கள் குற்றவாளியைத் தவறான அறையில் தேடுகின்றன. ஆபரேஷன் தியேட்டரைக் கண்டு பயப்பட எங்களுக்குச் சொல்லித்தருகின்றன. வாசலில் வந்து நிற்கும் தரகரைக் கண்டு பயப்படச் சொல்லித்தருவதில்லை. அந்தத் தரகர் வருவது எங்கள் தெருக்களுக்கு என்பதால் இதைப் பேசும் உரிமையும் கடமையும் எங்களுக்கு உண்டு.

2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்திலிருந்து வந்த செய்திகளை நினைவுபடுத்துகிறோம். கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் அணுகி, சில லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லி அவர்களின் சிறுநீரகங்களை வாங்கியிருந்தார்கள். அரசு விசாரணைக்குப் பிறகு இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. பள்ளிபாளையமும் குமாரபாளையமும் காவிரிக்கு அந்தக் கரை. ஈரோட்டைத் தாண்டினால் நாங்கள். தறி வேலை குறைந்தால் அங்கிருந்து பஸ் ஏறி இங்கே செக்கிங்குக்கும் பேக்கிங்குக்கும் வருகிறவர்கள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அது ஏதோ வெளியூர்ச் செய்தி என்று எங்களால் படித்துவிட்டுப் போக முடியவில்லை.

அந்தக் குற்றம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். யாரையும் கடத்துவதில்லை, யாருக்கும் தெரியாமல் மயக்க ஊசி போடுவதில்லை. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி உயிரோடிருக்கும் ஒருவர் தன் நெருங்கிய உறவினருக்குச் சிறுநீரகம் தரலாம். உறவினரல்லாத ஒருவருக்குத் தர வேண்டுமானால், பாசத்தாலோ பற்றாலோ தருகிறேன் என்று சொல்லி, அங்கீகாரக் குழு ஒன்றின் முன்அனுமதி பெற வேண்டும். தரகர் நுழைவது அந்தப் பாசம் என்ற சன்னல் வழியாகத்தான். 2014-ஆம் ஆண்டின் விதிகள் அந்தச் சன்னலுக்குக் கம்பி போட்டிருக்கின்றன. பணம் கைமாறவில்லை என்று குழு உறுதி செய்ய வேண்டும். தருபவருக்கும் பெறுபவருக்கும் உள்ள தொடர்புக்கு ஆவணம் கேட்க வேண்டும், இருவரும் சேர்ந்து எடுத்த பழைய புகைப்படங்களைக்கூடப் பார்க்க வேண்டும். இருவரின் முந்தைய மூன்று நிதியாண்டு வருமானத்தையும் ஒப்பிட்டு, பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால் காரணம் ஆராய வேண்டும். தருபவரின் குடும்பத்தாரிடமும் பேச வேண்டும்.

இத்தனையும் எழுதி வைத்திருக்கும்போது, வாரக்கூலி வாங்கும் ஒரு தறித் தொழிலாளி, தன் வாழ்நாளில் சந்தித்திராத வசதியானவர் ஒருவர் மீது கொண்ட அன்பினால் உறுப்பைத் தருகிறார் என்று ஒரு குழு எப்படி நம்பியது? ஒரு பனியன் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கைமாறிப் போவதைப் போல இந்தக் கோப்பும் பல மேசைகளைத் தாண்டுகிறது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையெழுத்து விழுகிறது. கடைசியில் எந்தக் கையெழுத்துக்காரரும் பொறுப்பாளியாக இருப்பதில்லை. எங்களைப் பொறுத்தவரை இதைவிடப் பயங்கரமான மர்மக் கதை கிடையாது. இதில் ஒரு காட்சியைக்கூட எந்தத் தமிழ்ப் படமும் பொறுமையாகக் காட்டியதாக எங்களுக்கு நினைவில்லை.

இந்த வகைப் படங்களுக்கு மூலம் என்று சொல்லத்தக்கது ‘கோமா’. மருத்துவரான ராபின் குக் 1977-இல் எழுதிய நாவலை, மருத்துவம் படித்தவரான மைக்கேல் கிரைட்டன் 1978-இல் படமாக்கினார். பாஸ்டனில் ஒரு மருத்துவமனை. சிறிய அறுவை சிகிச்சைக்கு வந்த ஆரோக்கியமான இளைஞர்கள் நினைவு திரும்பாமல் போகிறார்கள். அவர்களின் உறுப்புகள் விலைக்குப் போகின்றன. ஒரு பெண் மருத்துவர் அதைக் கண்டுபிடிக்கிறார். நல்ல படம், இன்றும் பார்க்கலாம். ஆனால் அந்த அச்சிலேயே அரை நூற்றாண்டாக வார்க்கிறோம். தமிழில் 2015-இல் மட்டும் ‘என்னை அறிந்தால்’, ‘காக்கிச் சட்டை’ என இரண்டு பெரிய படங்கள் உறுப்புக் கடத்தலைக் கதையாக எடுத்தன. 2018-இல் மலையாளத்தில் வந்த ‘ஜோசப்’, 2022-இல் ‘விசித்திரன்’ ஆகத் தமிழுக்கு வந்தது. எல்லாவற்றிலும் பலியாகிறவர் எதுவும் அறியாதவர். மயங்கிக் கிடக்கிறார், அல்லது விபத்தில் சிக்கியவர். அவருக்கு வட்டி கட்ட வேண்டிய தேதி இல்லை. குழுக்கடன் வசூலுக்கு வீட்டுத் திண்ணையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பைத் தானமாகக் கேட்கும் மருத்துவரை, அதே படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு குடும்பம் பார்க்கிறது. ‘உயிரோட இருக்கறப்பவே அறுத்துருவாங்க’ என்று எங்கள் உறுப்பினர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். மூளைச்சாவைச் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதை எந்தப் படமும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்துச் சான்றளிக்க வேண்டும். உறுப்பை எடுத்துப் பொருத்தும் மருத்துவர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. இதெல்லாம் எங்கும் மீறப்படுவதே இல்லை என்று நாங்கள் சத்தியம் செய்யவில்லை. ஆனால் நம் மாநிலத்தில் தானத்தின் வரலாறு பெருமைப்படத்தக்கது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவருடைய பெற்றோர் கொடுத்தார்கள். சென்னைப் போக்குவரத்து நெரிசலைப் போலீஸ் விலக்கி அந்த இதயத்தை வழியனுப்பியது. மலையாளத்தில் ‘டிராஃபிக்’, 2013-இல் தமிழில் ‘சென்னையில் ஒரு நாள்’ என அது படமாகவும் ஆனது. பதற்றம் குறையாமல், பொய்யான பயத்தை விதைக்காமல், மருத்துவமனையை வைத்து ஒரு விறுவிறுப்பான படம் எடுக்க முடியும் என்பதற்கு அந்தப் படமே சாட்சி. இறந்தவர்களிடமிருந்து உறுப்புகள் கிடைப்பது கூடக்கூட, உயிரோடிருக்கும் ஏழையின் உடலுக்கு விலை பேசும் தேவை குறையும். அதனால்தான் தானத்தின் மீதான நம்பிக்கை எங்களுக்குத் தொழிற்சங்கப் பிரச்சினை அளவுக்கு முக்கியம்.

மருத்துவச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. 2017-இல் ‘மெர்சல்’ வந்தபோது மருத்துவர்களை இழிவுபடுத்துகிறது என்று அமைப்புகள் கொதித்தன. சான்றிதழைத் திரும்பப் பெறக் கேட்ட மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அது சரியான முடிவு. படத்தில் வரும் கற்பனை மருத்துவருக்காகக் கொதித்த அந்த வேகத்தில் பாதியாவது, உரிமம் நிறுத்தப்பட்ட நிஜ மருத்துவமனைகள் விஷயத்தில் வெளிப்படையாகக் காட்டப்பட வேண்டும். அப்படிக் காட்டினால் எந்தப் படத்தாலும் மருத்துவர்களின் பெயரைக் கெடுக்க முடியாது.

எங்கள் வட்டாரத்தில் கதைக்குப் பஞ்சமா? 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாதவிலக்கு வலி என்றால் சூப்பர்வைசர் கையிலிருந்து பெயர் இல்லாத மாத்திரை கிடைக்கும். எதற்கு, என்ன பக்கவிளைவு என்று யாரும் சொல்வதில்லை. லீவு கேட்டால் சம்பளம் போகும், மாத்திரை போட்டால் மிஷினில் உட்கார்ந்திருக்கலாம். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் மருத்துவப் பணியாளர் பொறுப்பில் தனி அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. 2006-இல் எஸ்.பி. ஜனநாதன் ‘ஈ’ படத்தில் சேரி மக்கள் மீது மருந்து சோதிக்கப்படுவதைக் காட்டினார். ஏழையின் உடல் யாருக்கோ மலிவாகக் கிடைக்கிறது என்பதை நேருக்கு நேர் சொன்ன தமிழ்ப் படம் அது. அதன் அடுத்த படி எங்கள் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்களில் எழுதப்படாமல் கிடக்கிறது.

2022-இல் ஈரோட்டில் வெளிவந்த கருமுட்டை வழக்கும் அப்படித்தான். 16 வயதுச் சிறுமியின் ஆதார் அட்டையில் வயதைக் கூட்டி, பல முறை கருமுட்டை எடுத்திருந்தார்கள். கைதானவர்களில் பெற்ற தாயும் ஒருவர். முந்தைய ஆண்டில்தான் நாடாளுமன்றம், கருமுட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம் என்று சட்டம் போட்டிருந்தது. அதே 2022 நவம்பரில் வாடகைத்தாய்ச் சதியை வைத்து ‘யசோதா’ வந்தது. அதில் மின்னும் மாளிகையும் துப்பாக்கிச் சண்டையும் இருந்தன. ஈரோட்டில் இருந்தது திருத்திய ஆதார் நகல்.

பணத்தின் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் ஆய்வு செய்த கட்டுரை 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. விற்றவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றதாகச் சொன்னார்கள். விற்ற பிறகு அவர்களின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினருக்கு உடல்நிலை மோசமாகியிருந்தது. பெரும்பாலோர் கடனிலிருந்து மீளவும் இல்லை. வேறு யாரும் இதைச் செய்ய வேண்டாம் என்று 79 விழுக்காட்டினர் சொன்னார்கள். நாள் முழுக்க நின்று தறி ஓட்டுகிறவருக்கோ, சாயப்பட்டறையில் ஈரத்துணி தூக்குகிறவருக்கோ இடுப்பில் ஒரு தழும்பு என்றால் அது கூலியில் விழும் வெட்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்து, எங்கள் ஆர்டர்கள் சரிந்தபோது நாங்கள் முதலில் அஞ்சியது தரகர்களை நினைத்துத்தான். மதுரைக் கிளை புலனாய்வுக் குழு அமைத்ததும் அதே வாரம்.

ஆகவே அரசிடம் நாங்கள் கேட்பது தெளிவானது. அங்கீகாரக் குழுக்கள் உறவினரல்லாதவர்களுக்குத் தந்த அனுமதிகளை, நோயாளிகளின் பெயர்களை மறைத்து, தருபவரின் தொழில், வருமானம், மாவட்டம் ஆகியவற்றோடு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒரே ஊரிலிருந்து தறித் தொழிலாளிகள் வரிசையாக வந்தால் அது எல்லோர் கண்ணிலும் படும். தமிழ் தெரியாத ஒடிசா, பீகார் தொழிலாளர்களிடம் அவரவர் மொழியில் குழு பேச வேண்டும். 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தையும், வலுக்கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராக 2025-இல் கொண்டுவந்த சட்டத்தையும் காவல் நிலையங்கள் உண்மையாகவே பயன்படுத்த வேண்டும்.

விற்றவரைப் பற்றிய எங்கள் நிலைப்பாடு சிலருக்குக் கசக்கலாம். உறுப்புக்குப் பணம் பெறுவதும் குற்றம். 2011 திருத்தத்துக்குப் பின் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, 20 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஒரு சிறுநீரகத்தை இழந்தவர் இந்தப் பயத்தில் வாயைத் திறப்பதில்லை. தரகருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு கிடையாது. கடனால் விற்றவரைக் குற்றவாளியாக அல்ல, பாதிக்கப்பட்டவராகவும் சாட்சியாகவும் நடத்தும் வகையில் சட்டம் திருத்தப்பட வேண்டும். அப்படிச் செய்தால் விற்பனை பெருகும் என்கிறவர்களுக்கு எங்கள் பதில்: தண்டனை இருக்கும்போதே பள்ளிபாளையம் நடந்தது. ஏற்கெனவே விற்றவர்களுக்கு, பெயர் கேட்காமல், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே ரத்த அழுத்தமும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் ஆண்டுதோறும் பார்க்கப்பட வேண்டும்.

இயக்குநர்களே, எழுத்தாளர்களே, உங்கள் படங்களைத் தடுக்க எவர் வந்தாலும் உங்கள் பக்கம் நிற்போம். பதிலுக்கு நீங்கள் பள்ளிபாளையத்துக்கும் பல்லடத்துக்கும் வாருங்கள். வட்டிக்காரரின் நோட்டையும் அங்கீகாரக் குழுவின் கோப்பையும் படியுங்கள். எங்கள் திரையிடல் அரங்கில் உங்களுக்கு இடம் உண்டு, எங்கள் உறுப்பினர்கள் பேசத் தயாராக இருக்கிறார்கள்.

எங்களோடு வேலை செய்யும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். கடன் அடைய வழி இருக்கிறது, ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்து போனால் போதும் என்று யாராவது சொன்னால், எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், ஆதாரைக் கொடுக்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண் 15100. முதலில் அதற்குப் பேசுங்கள்.